நான்கு மொழித் தொப்பி

ஹைதராபாத்தின் பழைய பேப்பர் கடைகளில் மொழிச் சண்டை கிடையாது. ஈநாடு, சியாசத், ஹிந்தி மிலாப், டெக்கான் கிரானிக்கிள் எல்லாம் ஒரே சணல் கயிற்றில் கட்டுண்டு கிடக்கும். அந்தக் கட்டிலிருந்து நான்கு தாள்களை உருவி நான்கு குழந்தைகளுக்குத் தொப்பி மடித்துக் கொடுத்தால், நகரத்தின் நான்கு எழுத்துகளும் நான்கு தலைகளில் ஏறி தெருவில் ஓடும். செலவு, பேசத் தேவையில்லாத அளவு.

தொப்பிக்கு ஒரு முழு விரிப்புத் தாள் போதும். அதைச் சரிபாதியாக மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மேல் மூலைகள் இரண்டையும் நடுவில் சந்திக்கும்படி கீழே இறக்கினால் கூரை போலாகும். அடியில் மிஞ்சும் பட்டையை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாக மேலே மடித்தால் தொப்பி தயார். ஐந்து வயதுக் குழந்தையால் இதைத் தானே செய்துவிட முடியும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் செய்வதில்லை. காரணம், மூலை கொஞ்சம் கோணலாகப் போனதுமே அம்மாவின் கை குறுக்கே வந்துவிடுகிறது. அப்பா என்றால் தாளையே பிடுங்கிக்கொள்வார். பெரியவர்கள் செய்த அழகான தொப்பியை ஐந்து நிமிஷத்தில் கழற்றி எறியும் குழந்தை, தான் செய்த கோணல் தொப்பியோடு தூங்கப் போகும்.

ஜப்பானிய மொழியில் ‘ஓரி’ என்றால் மடித்தல், ‘காமி’ என்றால் தாள். இரண்டும் சேர்ந்து ‘ஓரிகாமி’. பெயர்தான் புதிது. பெயர் தெரியாமலே தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்தக் கலை இருந்து வந்திருக்கிறது. கப்பல், கத்திக் கப்பல், வகுப்பில் வாத்தியார் முதுகில் போய் இடித்த ராக்கெட் எல்லாம் அந்த ரகம்தான். மளிகைக் கடையில் பசையும் நூலும் இல்லாமல் கால் கிலோ சீனியைச் சிந்தாமல் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைக்கூட இதில் சேர்க்கலாம். பிளாஸ்டிக் பை வந்து அந்தக் கையை மறக்கடித்தது.

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் தெலங்கானாவில் மழையும் ஆரம்பித்துவிடும். வெளியே போக முடியாத மாலைகள் நிறைய. செகந்திராபாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் டி.வி.யும் செல்போனும் அந்த நேரத்தை விழுங்குகின்றன. கடைகளில் கிடைக்கும் ‘ஓரிகாமி கிட்’ ஒன்றை வாங்கி வந்தால், அதில் முதல் பக்கத்திலேயே கொக்கு இருக்கும். அது தவறான தொடக்கம். கொக்குக்கு இருபதுக்கும் மேற்பட்ட மடிப்புகள் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை பத்தாவது மடிப்பில் அழுதுவிடும். நாய் முகத்தில் தொடங்குவதே நல்லது.

சதுரத் தாளை மூலைவிட்டமாக மடித்து, நீளமான ஓரம் மேலே, கூர்முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். மேலே உள்ள இரண்டு முனைகளையும் சாய்வாகக் கீழே மடித்தால் காதுகள். கீழ் முனையைச் சற்று மேலே மடித்தால் மூக்கு. ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு புள்ளிகள் வைத்தால் நாய் பார்க்கத் தொடங்கிவிடும். பூனை வேண்டுமென்றால் முக்கோணத்தைத் தலைகீழாக்கி, உச்சியைக் கொஞ்சம் கீழே மடித்து, பக்கத்து முனைகள் இரண்டையும் மேலே தூக்கி, அப்படியே திருப்பிப் போட வேண்டியதுதான். நான்கு மடிப்பில் ஒரு பிராணி என்றால் எந்தக் குழந்தைக்கும் பொறுமை இருக்கும்.

தாள் விஷயத்தில் ஒரு வார்த்தை. சார்ட் பேப்பர் கூடாது. தடிமனானது, சின்ன விரல்களுக்கு மடங்காது, மடங்கினாலும் விரியும். பழைய நோட்டுத் தாளே மேல். அது நீள்சதுரமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்து, மிச்சத்தைக் கிழித்துவிட்டால் சதுரம். ஸ்கேல் இல்லாமல், அளக்காமல் கிடைத்த சதுரம் அது. இது எப்படி சதுரம் ஆனது என்று குழந்தை கேட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கணித வகுப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்ட ஒருவர் சென்னை மாகாணத்தில் இருந்தார். தண்டலம் சுந்தர ராவ். வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டராக இருந்தவர். ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837-ல் பிளாங்கென்பர்கில் தொடங்கிய சிறுவர் பள்ளிதான் பின்னாளில் ‘கிண்டர்கார்டன்’ என்று உலகெங்கும் பரவியது. அங்கே குழந்தைகளுக்குத் தரப்பட்ட விளையாட்டுப் பொருள்களில் ஒன்று தாள் மடிப்புப் பெட்டி: ஒருபக்கம் பளபளப்பான 200 வண்ணச் சதுரங்கள். அந்தப் பெட்டிதான் சுந்தர ராவுக்கு யோசனை தந்தது. பிஞ்சுகளுக்கான அந்தச் சதுரத்தை எடுத்து, முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று மடித்துக்கொண்டே போய், கூம்பு வளைவுகள் வரை வந்து நின்றார். கையில் இருந்த கருவி பேனாக் கத்தி மட்டும். ‘தாள் மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்’ என்ற பொருள்படும் அவரது ஆங்கில நூலை 1893-ல் சென்னையில் அடிசன் கம்பெனி வெளியிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது சுவாரஸ்யமானது. ஜெர்மனியின் பெரும் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தன் நூல் ஒன்றில் சுந்தர ராவைக் குறிப்பிட்டார். அதைப் படித்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் புத்தகத்தைத் தேடினார்கள். கைக்கு வந்து சேர்வதற்குள் ஏகப்பட்ட தாமதம். அந்த எரிச்சலை முன்னுரையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். 1901-ல் சிகாகோவில் ஓப்பன் கோர்ட் நிறுவனம் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் டோவர் பதிப்பாக இன்றும் படிக்கப்படும் அந்த மனிதரை, அவர் வேலை பார்த்த மாகாணத்தின் பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் சங்கடமானது.

சுந்தர ராவுக்கு ஒரு இடத்தில் சறுக்கியது. கனசதுரத்தை இரட்டிப்பாக்குவது போன்ற முப்படிக் கணக்குகளைத் தாள் மடித்துத் துல்லியமாகத் தீர்க்க முடியாது என்று நினைத்தார். முடியும் என்று 1936-ல் காட்டியவர் இத்தாலியப் பெண் கணிதவியலாளர் மார்கெரிட்டா பெலோக். அளவுகோலும் காம்பஸும் தோற்ற இடத்தில் ஒரு தாள் ஜெயித்தது.

இதை ஹைதராபாத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2010 ஆகஸ்டில் உலகக் கணிதவியலாளர் மாநாடு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, அது நடந்த ஊர் ஹைதராபாத். அதே ஊரில்தான் ‘டெக்னோ’, ‘கான்செப்ட்’, ‘ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன்’ என்று போர்டு மாட்டிய பள்ளிகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளை சூத்திரத்தை ஒப்பிக்கிறது. ஆனால் சமபக்க முக்கோணத்தைத் தாளில் மடித்துக் காட்டு என்றால் விழிக்கிறது. இத்தனைக்கும் அது இரண்டே மடிப்பு வேலை: சதுரத்தை நடுவில் மடித்து விரிக்க வேண்டும், கீழ் மூலை ஒன்றைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் வைக்க வேண்டும், மடிப்பு மற்றக் கீழ் மூலை வழியாகப் போகும்படி. மூலை விழுந்த புள்ளிதான் உச்சி. 60 டிகிரி தானாக வந்து உட்காரும்.

தாளும் குப்பையும் போதும் என்று நாடெங்கும் சொல்லித் திரிந்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, புனேயில் மோட்டார் கம்பெனி வேலையை உதறியவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். செய்தித்தாள் தொப்பிகள் அவர் பட்டறைகளில் பிரசித்தம். ஹைதராபாத் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் உண்டு: நாம்பள்ளி பப்ளிக் கார்டன்ஸில் இருக்கும் ஜவஹர் பால பவன். கைவேலை கற்கப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு அடுக்களை மேடையே போதும்.

அந்த மேடையில் செய்து பார்க்கத் தோதானது தாள் டம்ளர். சதுரத்தை முக்கோணமாக மடித்து, உச்சி மேலே இருக்க, வலது முனையை இடது ஓரத்தின் நடுவுக்கும், இடது முனையை வலது ஓரத்தின் நடுவுக்கும் கொண்டுபோக வேண்டும். மேலே மிஞ்சும் இரண்டு முனைகளில் ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே மடித்து வாயைத் திறந்தால் டம்ளர். தண்ணீர் ஊற்றினால் சில நிமிஷங்கள் தாங்கும். ஒட்டாத தாளில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று குழந்தை அடியில் விரலை வைத்துப் பார்க்கும். பார்க்க விட வேண்டும். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

தொப்பி சலித்துப்போன பிறகு அதையே கப்பலாக்கலாம். தொப்பியின் வாயைத் திறந்து, பக்கவாட்டில் அமுக்கிச் சதுரமாக்கி, கீழ் முனைகளை இருபுறமும் மேலே மடித்தால் முக்கோணம். அதையும் திறந்து மறுபடி சதுரமாக்கி, மேல் முனைகள் இரண்டையும் பிடித்து மெல்ல வெளியே இழுத்தால் கப்பல் விரியும். இந்தக் கடைசி இழுப்பைக் குழந்தையிடம் விட்டுவிடுவது நியாயம்.

காலனித் தெருவில் மழைநீர் தேங்கியிருக்கும்போது உருதுக் கப்பல், தெலுங்குக் கப்பல், ஹிந்திக் கப்பல், ஆங்கிலக் கப்பல் எல்லாம் வரிசையாக இறங்கும். செய்தித்தாள் சீக்கிரம் ஊறும். அடிப்பக்கம் கனத்து, பக்கவாட்டில் சாய்ந்து, மூழ்கும். அதற்குள் வாசலில் ஈரக் காலோடு நின்று இன்னொரு தாள் கேட்கும் குரல் வந்துவிடும்.