தகப்பனுக்குக் கிடைத்த ஏழு நாள்



1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிள்ளை பிறந்தால் தகப்பனுக்குத் தொடர்ந்து 7 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. தாயின் லீவும் 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. இந்த 7 நாளை நாம் என்ன செய்கிறோம்?

தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டும் இளைஞர் ஒருவர், தலைப்பிள்ளை பிறந்த மறுநாளே பெரட்டுக்கு வந்து நின்றார். "லீவு எடுக்கவில்லையா, தம்பி?" என்றோம். "பெற்றவள் அவள்; வீட்டில் எனக்கென்ன வேலை, ஐயா?" என்றார். மூன்று வாரம் சென்று அவரே வந்து, "அவள் தூங்குவதில்லை, உண்பதில்லை, ஓயாமல் அழுகிறாள். காற்றுக் கருப்பு என்கிறார்கள், மந்திரிக்கலாமா?" என்று கேட்டார்.

காற்றுமல்ல, கருப்புமல்ல! பிரசவத்துக்குப்பின் வரும் மனச்சோர்வு அது. பிள்ளை பெற்ற தாய்மாரில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் ஏறக்குறைய 20 பேர்.

நமது ஊர்க் கோபுரம் 1885-இல் எழுந்தது. அடிமண் இளக்கம், மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம், சாய்ந்தது. கோபுரத்தை யாரும் ஏசுவதில்லை. பெண் சாய்ந்தால் மட்டும் "பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்" என்கிறோம்.

அன்று லயத்தில் மாமியார், அத்தை, பக்கத்து வீட்டு அக்காள் என்று பத்துக் கைகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல எண்ணெய்ப்பனைக்கு மாறின, ஜனம் சிதறியது. இன்று பல வீடுகளில் மிஞ்சியிருப்பவை தகப்பனின் இரண்டு கைகளே.

அவை செய்யவேண்டியது பெரிய வித்தையல்ல. இரவில் பால் குடித்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு, தாயைத் தூங்க விடுங்கள். துணி அலசுங்கள். குறை பேசும் உறவினரை வாசலிலேயே நிறுத்துங்கள். முதல் சில நாள் அழுகை சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தணியாவிட்டால், வீடு தேடி வரும் அரசாங்கத் தாதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். தகப்பனுக்கும் இச்சோர்வு வருவதுண்டு, அவரும் வெட்கப்படவேண்டியதில்லை.

கிராணிமாருக்கு ஒரு சொல். மணமானவர், அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவர், பிரசவத்துக்கு 30 நாள் முன்போ, பிள்ளை பிறந்த பின் கூடிய விரைவிலோ அறிவித்தால், ஐந்து பிரசவம் வரை இவ்வுரிமை உண்டு. எழுதத் தெரியாதவருக்கு நாமே எழுதிக் கொடுப்போம். மறுக்கப்பட்டால் சங்கத்திடம் வாருங்கள்.

7 நாள் போதாது, மேலும் கேட்போம். ஆனால் கிடைத்ததைக் குடியிலும் சீட்டிலும் தொலைத்தால், கேட்க நமக்கு முகம் ஏது?