காது சொல்வதும் கருவி சொல்வதும்

சகோதரிகளே, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள். கண நேரத்து உச்சத்தைக் கணக்குப் பண்ணி ஊதிப் பெருக்கின எண் அது. பொடி எழுத்தில் 'ஆர்.எம்.எஸ்.' என்று ஒன்று இருக்கும். அதுதான் தொடர்ந்து கிடைக்கும் சக்தி.

"அப்படியானால் காதையே நம்பிவிடலாமே" என்பீர்கள். காதும் லேசில் ஏமாறும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் என் நாத்தனாருக்கு இரண்டு பெட்டிகளைப் பாடவிட்டுக் காட்டினார்கள். விலை கூடினதைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்கள். "அண்ணி, இதுதான் கணீர்னு இருக்கு" என்றாள். "ரெண்டையும் ஒரே சத்தத்தில வைங்க தம்பி" என்றேன். வைத்ததும் எது எதென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை!

1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 40 பேரை உட்கார வைத்துச் சோதித்தார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டபோது பெரிய, பகட்டான பெட்டிகளுக்குக் கிடைத்த மதிப்பெண், திரை போட்டு மறைத்ததும் இறங்கிவிட்டது. நம் வீட்டில் திரைக்கு ஒரு பழைய புடவை போதாதா?

அதற்காகக் காது சொல்வதெல்லாம் பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பு வட்டம் இருக்கிறதே, சோற்றையும் கல்பொடியையும் குழைத்துப் பூசி, தட்டித் தட்டிக் கேட்டே அதைச் சரிபண்ணினார்கள் நம் கைவினைஞர்கள். வெறும் தோலில் தாறுமாறாக எழும் மேல்ஸ்வரங்கள் அந்தப் பூச்சால் ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்று சர் சி.வி. ராமன் 1920-லும் 1934-லும் ஆராய்ந்து காட்டினார். காது முந்திக்கொண்டது, கருவி பிறகு வந்தது.

வீட்டுப் பெரியவர்களுக்காக வாங்குகிறீர்களா? வயதானால் கீச்சென்ற உயர் ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். 'ஸ', 'ச' போன்ற எழுத்துக்கள் தெளிவாகக் கேட்க அந்த ஒலிகள் வேண்டும். அதனால்தான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்கிறார்கள். 'தும் தும்' என்று அதிரும் பெட்டி இதை இன்னும் மோசமாக்கும். கடையில் பாட்டு வேண்டாம், செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள்.

அப்போதும் புரியவில்லையென்றால் காதைத்தான் அளக்க வேண்டும். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள பேசறீங்க" என்று வருஷக்கணக்காகச் சாதித்தவர் என் மாமியார். ஆடியோகிராம் காகிதத்தில் வலப்பக்கம் சரிந்திறங்கிய கோட்டைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஸ்பீக்கருக்கு எடுத்து வைத்த பணம் காதுக் கருவிக்குப் போயிற்று.