தோட்ட விடுதியும் குடியானவரும்

பூந்தமல்லிக்கு மேற்கேயும் ஆவடிக்கு அப்பாலும் உள்ள கிராமங்களில், தோட்டத்தின் நடுவே வீடொன்று கட்டிப் பட்டணவாசிகளுக்கு இரண்டொரு நாள் வாடகைக்கு விடும் வழக்கம் சில காலமாகப் பரவி வருகிறது. வருபவர்கள் தங்கள் சமையலைத் தாங்களே செய்துகொண்டு, மரநிழலில் பொழுதைக் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊர் திரும்புகிறார்கள். இவ்விடுதிகள் இயற்கைக்கு இசைந்தவை என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. அவ்விளம்பரம் எவ்வளவு மெய் என்பதையும், நிலத்துக்குடையவருக்கு இதனால் விளையும் லாபநஷ்டத்தையும் ஆலோசிப்பது அவசியமாகும்.

வழிப்போக்கர் தாமே சமைத்து உண்ணும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சத்திரங்களில் அது நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ஆம் ஆண்டில் தம் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதத்தில், சமைத்த அன்னத்தை ஏற்க விரும்பாதவர்களுக்கு அரிசியும் மற்றச் சாமான்களும் சமைக்காமலே கொடுக்கப்பட்டதாகக் குறித்திருக்கிறார். சத்திரத்தில் அது தர்மம். தோட்ட விடுதியில் அது வியாபாரம். வேற்றுமை அவ்வளவே.

குடியானவருக்கு இம்முறையே பொருத்தமானது என்பதில் சந்தேகமில்லை. சமையற்காரரும் பரிசாரகரும் வைத்துச் சாப்பாடு போடும் ஹோட்டல் நடத்துவதற்கு வேண்டிய முதலும் ஆளும் மூன்று ஏக்கர் உடையவரிடம் கிடையா. விருந்தினர் தாமே அடுப்பு மூட்டுவார்களாயின், உடையவர் கொடுக்க வேண்டியவை சுத்தமான அறையும், பாத்திரமும், நல்ல ஜலமுமேயாம். அதற்கு மேல், அடுப்புக்கு வேண்டிய அரிசி, கீரை, கத்திரிக்காய், தேங்காய், முட்டை, பால் ஆகிய எல்லாவற்றையும் வரப்பிலேயே விற்கலாம். விடியுமுன் கீரையைக் கட்டிக் கோயம்பேட்டுக்கு ஏற்றி, வண்டிச் சத்தமும் தரகும் போக மிஞ்சுவதைப் பெறுகிறவருக்கு இதன் அருமை நன்கு விளங்கும். மத்தியானத்துக்குள் வாடிப்போகும் சரக்குக்கு வாசலிலேயே கிராக்கி உண்டாவது சிறிய காரியமன்று. அறைவாடகையைவிட இவ்விற்பனையையே முக்கியமாகக் கருத வேண்டும்.

ஆனால் தற்காலம் கட்டப்படும் விடுதிகளுள் அநேகம் இவ்வழியில் செல்லவில்லை. கழனியை மேடாக்கிப் புல்தரை விரித்து, நடுவில் நீச்சல் குளம் ஒன்றும் வெட்டி, சுற்றிலும் நாலு தென்னை நட்டுவிட்டால் அது தோட்டமாகிவிடுவதில்லை. கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். 30 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குளத்தை ஒரு தடவை நிரப்ப ஏறக்குறைய 51,000 லிட்டர் வேண்டும். வருஷத்தில் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்யும் இப்பிரதேசத்தில், 600 சதுர அடி ஓட்டுக் கூரையிலிருந்து சேதம் போக வருஷம் முழுவதும் சேகரிக்கக்கூடிய ஜலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கூரையில் மழைநீர் சேகரிக்கிறோம் என்று பலகை எழுதி வைத்து, கீழே அதைக் குளமாகத் தேக்கி வைப்பதில் பிரயோஜனம் என்ன? சித்திரை, வைகாசியில் அக்குளத்திலிருந்து ஆவியாய்ப் போவது மட்டும் நாளொன்றுக்கு 200 லிட்டருக்குக் குறையாது.

ஜல விஷயம் இப்பக்கத்தில் சாமானியமானதன்று. 2019-ஆம் வருஷக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டுபோயிற்று. பட்டணத்தைச் சுற்றியுள்ள கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக ஜலம் பட்டணத்துக்கு ஏற்றப்பட்டது. அக்கிணறுகளை நம்பியே பயிரும் இருக்கிறது. விடுதிக்காரர் ஒருவர் ஆழ்துளைக் கிணறு இறக்கினால் பக்கத்துக் கழனியாரின் கிணற்று மட்டமும் தாழும். சாகுபடிக்குக் கேடு விளைக்கும் விடுதிக்கு எப்பெயர் சூட்டினாலும் அது இயற்கைக்கு இசைந்ததாகாது.

மாறாக, விருந்தினரின் சொந்தத் தேவை அத்தனை பெரிதன்று. நகரங்களுக்கு விதிக்கப்பட்ட அளவாகிய தலைக்கு 135 லிட்டர் வீதம் எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர் ஆகும். அதில் குளியலும் சமையலுமாக வெளிவரும் நீர் சுமார் 700 லிட்டர். கூழாங்கல் பரப்பிக் கல்வாழை நட்ட பாத்தியில் இதைத் தெளியவிட்டு, தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். பச்சையாய்த் தின்னும் காய்கறிக்கு விடலாகாது. கோடையில் சொட்டுநீரில் தென்னை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் போதும் என்பதால், எட்டு விருந்தினர் பத்துத் தென்னைகளைக் காப்பாற்றிவிட்டுப் போகிறார்கள். மலசலக் கூடத்துக்கு மாற்றி மாற்றி உபயோகிக்கும் இரட்டைக் குழியே சிறந்தது. அதைக் கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி அமைக்க வேண்டும்.

கட்டிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டணத்தார் ஓலைக் குடிசையைக் கண்டால் மகிழ்வார்கள். ஆயினும் அடுப்புப் பழக்கமில்லாதவர்கள் சமைக்கும் இடத்தின் மேல் கீற்று வேய்வது நெருப்பை வலிய அழைப்பதாகும். சமையற்கட்டைத் தனியே பிரித்து நாட்டு ஓடு போடுவதே உத்தமம். ஓடானால் மழைநீரும் சுத்தமாகச் சேரும். சுவருக்குச் சுட்ட செங்கல்தான் வேண்டும் என்பதில்லை. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குத்தம்பாக்கத்தில், 1996-ஆம் ஆண்டில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ, உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களைக்கொண்டு பல சாதியினர் அடுத்தடுத்து வாழும் இரட்டை வீடுகளைக் கட்டுவித்தார். வேலை ஊராருக்கே கிடைத்தது. விடுதி கட்ட எண்ணுவோர் முதலில் அவ்வூருக்குப் போய்ப் பார்த்து வருதல் நலம். மாடுகள் ஐந்து உள்ள வீட்டில் தினம் சுமார் 50 கிலோ சாணம் கிடைக்கும். 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலத்துக்கு அது போதும். எட்டுப் பேர் சமைக்கும் அடுப்பு அதில் எரியும், கழிவுக் கரைசல் வயலுக்கு எருவாகும்.

இத்தாலி தேசத்தில் 1985-ஆம் வருஷச் சட்டம் பண்ணை விடுதிகளை அனுமதித்தபோது, சாகுபடியே பிரதானமாயிருக்க வேண்டும், விருந்தினரை ஏற்பது அதற்குத் துணையாக மட்டுமே இருக்கலாம் என்று விதித்தது. மகாராஷ்டிர சர்க்காரும் 2020-ஆம் ஆண்டில் பண்ணைச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இத்தாலியரின் விதி இங்கு மிகவும் தேவைப்படுகிறது. அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. இன்று அங்கே கழனி என்று சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்சாலை வந்ததைக் குறை கூறுவதற்கில்லை, அதனால் பலர் பிழைத்தார்கள். விடுதியோ வயலைக் காட்டியே ஆளை அழைக்கிறது. வயல் போனபின் அதில் தங்குவதற்கு யார் வருவார்? பூக்களால் பெயர் பெற்றது பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு சென்ற ஊர் அது. விருந்தினருக்குக் காட்ட வேண்டியது இன்னும் மிஞ்சியுள்ள மல்லிகைத் தோட்டமும் கீரைப் பாத்தியுமே அன்றிப் புல்தரையன்று.

நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்றுமுன் முறைப்படி அனுமதி பெற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். களத்துமேட்டிலோ பழைய மாட்டுத் தொழுவம் இருந்த இடத்திலோ இரண்டே அறைகள் கட்டிக்கொண்டால் விளைநிலம் குறையாது. ஒலிபெருக்கி கூடாதென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கன்று ஈனும் பசு பக்கத்தில் இருக்கும். வாழையிலையில் உண்ணச் சொல்லலாம். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. பை நிறையக் கொண்டுவருகிறவர்கள் அதே பையில் திருப்பி எடுத்துப் போகட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் தாழ்ந்த நிலத்து விடுதிகளை மூடி வைப்பது நல்லது. 2015-ஆம் வருஷ வெள்ளத்தைக் கண்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தை அறுவடை முதல் ஆனி வரையில் விருந்தினரை ஏற்கலாம். விடுதி வரவுசெலவைச் சாகுபடிக் கணக்கோடு கலவாமல் தனி நோட்டில் எழுதி, வரப்பில் விற்ற காய்கறித் தொகையை மட்டும் சாகுபடிப் பக்கத்தில் வரவு வைத்து, ஆனி முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூன்றாவது அறையைப் பற்றி யோசிக்கலாம்.