அடுத்த பிறவிக் கேள்வி

சித்திரை பிறந்துவிட்டால் விழுப்புரத்து லாட்ஜுகளில் அறை கிடைப்பது கஷ்டம். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போகும் திருநங்கைகள் நாலைந்து நாள் முன்பே வந்து இறங்கிவிடுவார்கள். அழகிப் போட்டி நடக்கும். தொலைக்காட்சி மைக்குகளும் பின்னாலேயே வந்து சேரும். சேலை, நகை, தாலி எல்லாவற்றையும் விசாரித்து முடித்தபின், கேட்க வேறொன்றும் தோன்றாத நேரத்தில் அந்தக் கேள்வி வந்து விழும்: "அடுத்த ஜென்மத்துல என்னவாப் பொறக்க ஆசைப்படுறீங்க?"

சினிமா நடிகையிடமும் இதைக் கேட்கிறார்கள். அவர் "மறுபடியும் எங்க அம்மா வயித்துலயே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திருநங்கையிடம் கேட்கும்போது உள்ளர்த்தம் வேறு. இந்தப் பிறவியில் ஏதோ பிசகு நடந்துவிட்டது என்று கேட்பவர் ஏற்கெனவே முடிவுகட்டியாயிற்று. எப்படித் திருத்துவது என்பதுதான் பாக்கி. "முழுப் பெண்ணாக" என்று பதில் வந்தால் நெறியாளர் முகத்தில் ஒரு நிம்மதி. பின்னணியில் வயலின் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வருடம் ஒருவர், "பெரிய பணக்காரன் வீட்டுல, ஒத்தப் புள்ளையா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதை வெட்டாமல் ஒளிபரப்பியது யாரோ புண்ணியவான்.

வேறொன்றாகப் பிறக்க ஆசைப்படுவது தமிழுக்குப் புதிதே அல்ல. குலசேகர ஆழ்வார் அரச வாழ்வு வேண்டாம், வேங்கட மலையில் குருகாகவோ மீனாகவோ பிறந்தால் போதும், அதுவும் இல்லையென்றால் படியாகக் கிடக்கிறேன் என்றார். பெருமாள் கோயில்களில் கருவறை வாசற்படிக்கு இன்றும் குலசேகரன் படி என்றுதான் பெயர். காரைக்கால் அம்மையார் அழகான உடம்பை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகினார். இவர்களில் யாரையும் நாம் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பல்லாண்டு பயின்று அந்த நாயகி பாவத்தையே தன் கலையாக்கிக்கொண்டார். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவர் ஆடும்போது எழுந்து நின்று கைதட்டுகிற நாம்தான், டவுன் பஸ்ஸில் திருநங்கைக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பதினோரு மணி வரை கரண்டியைக் கீழே வைக்க நேரம் இருக்காது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம், பிறந்தது 1984. கூட்டம் இல்லாத ஒரு மழை நாளில் நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுவைத்தேன். பத்தி எழுதுகிறவன் புத்தி எங்கே போகும். அவர் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு முன்னாடி எங்க வீட்டுல ரெண்டு பொட்டப்புள்ள பொறந்துச்சுண்ணே. நான் பொறந்தப்ப ஆம்பளப் புள்ளன்னு எங்க தாத்தா தேனு தொட்டுச் சேனை வச்சாரு. அதுகளுக்கு எதத் தொட்டு வச்சாங்கன்னு ஊருக்கே தெரியும். நான் பொம்பளையாப் பொறந்திருந்தா இன்னைக்கு உங்களுக்கு ஆம்லெட் போட ஆளு ஏது?"

சொல்லிவிட்டு முட்டையை உடைத்தார்.

அந்த வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கள்ளிப்பாலுக்குப் பலியாவதை 1986இல் 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அதை முதலில் தொடங்கியது சேலத்தில். ஆகவே பழி முழுவதையும் உசிலம்பட்டி தலையில் கட்டுவதும் நியாயமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. 'முழுப் பெண்ணாக' என்று வயலினோடு முடிகிற பதிலில் எந்த ஊரில், எந்த வருடத்தில், எத்தனையாவது பெண்ணாக என்ற விவரம் இருப்பதில்லை. இட்லிக்கடைக்காரருக்கு அந்த விவரம்தான் உயிர். ஆண் என்று வீட்டார் தப்புக்கணக்குப் போட்டதால் பிழைத்தவர் அவர். பிற்பாடு சேலை கட்டிய குற்றத்துக்காக அதே வீட்டார் அடித்துத் துரத்தினார்கள் என்பது தனிக்கதை.

அதற்காக உடம்பைப் பற்றிய ஏக்கம் அவருக்கு இல்லை என்று எழுதிவிட முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கூடப் படித்த பையன்கள் நிறுத்தினார்கள் என்றும் சொல்லலாம். பத்தொன்பது வயதில் ஆந்திராவுக்கு ரயிலேறி நிர்வாணம் செய்துகொண்டார். ஆணுறுப்பை நீக்கும் அறுவைக்குத் திருநங்கையர் கூட்டமான ஜமாத்தில் அப்படித்தான் பெயர். ரசீது கிடையாது, மயக்க மருந்து அரைகுறை, இரண்டாம் நாளே ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் உட்கார்ந்து ஊர் திரும்பல். நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, பால்குடம் தூக்கவைத்து, பால் ஊற்றும் சடங்கு நடத்தினார்கள். மூத்திரம் போகும்போது இன்றைக்கும் எரிச்சல் இருக்கிறது.

அவர் ஆந்திராவிலிருந்து திரும்பிய பிறகுதான் எல்லாமே வந்தன. 2008 ஏப்ரல் 15இல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக அறுவை சிகிச்சை செய்துகொள்ள வழி பிறந்தது. 2014இல் அதே ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்றது. 2015இல் திருநங்கை பிரித்திகா யாஷினி சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடிக் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு வழி வாங்கினார். அதற்கு முன் விண்ணப்பப் படிவத்தில் அவருக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

"பொறப்ப மாத்த வேணாம்ணே. தேதிய மாத்திக் குடுத்தாப் போதும்" என்றார் இட்லிக்கடைக்காரர். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, "வயித்துல ஒண்ணு சொமந்திருக்கலாம். அது மட்டும் தேதிய மாத்துனாலும் வராது" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் பத்தி நன்றாக முடியுமே என்று தோன்றியது.

சென்னையில் ஒரு திருநம்பியிடம் பேசியபோது என் பத்திக்கு உதவும்படி எதுவுமே கிடைக்கவில்லை. தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்குக் கூவாகமும் இல்லை, ஜமாத்தும் இல்லை, வீட்டைவிட்டு வந்தால் ஒதுங்க ஒரு திண்ணையும் இல்லை. ஆணாகவே பிறந்திருக்கலாம் என்று தோன்றியதுண்டா என்றேன். "ஆமா சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். இப்படிப் பிறந்ததால் கிடைத்த அனுபவம், இரண்டு பக்கமும் பார்த்த பார்வை என்று நான் எதையோ எடுத்துக்கொடுத்தேன். அவர் சட்டைக் காலரைச் சற்று விலக்கி, மார்பை இறுக்கிக் கட்டியிருக்கும் உள்ளாடையின் பட்டை அழுந்திச் சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். "பெருமையா நெனைக்கிறவங்க நெனைக்கட்டும் சார். கத்திரி வெயில்ல இதப் போட்டுக்கிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின்ல தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும் நின்னு பாருங்க."

பக்திமானுக்கு 'அடுத்த பிறவியில் பெண்ணாக' என்ற பதில் வேண்டியிருக்கிறது. என்னைப் போன்ற முற்போக்குக் கூட்டத்துக்கு 'நான் நானாகவே' என்ற பதில் வேண்டியிருக்கிறது. போஸ்டரில் போட நன்றாக இருக்கும். இரண்டு பேரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறோம். வேறாகப் பிறக்க ஆசைப்பட்டேன் என்று ஒரு திருநம்பி வாய்விட்டுச் சொன்னால், 'பார்த்தீர்களா, அவர்களுக்கே பிடிக்கவில்லை' என்று பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற பயத்தில், நியாயம் பேசுகிறவர்களே அந்த ஆசையை அமுக்கிவிடுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளையை 'சரிபண்ண' ஊசி, மாத்திரை, மின் அதிர்ச்சி, மந்திரவாதி என்று அலைந்த குடும்பங்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பது மனநோய் வரிசையிலிருந்தே வெளியே போய்விட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட 'சிகிச்சை' எதுவும் கூடாது என்று உத்தரவிட்டார். உத்தரவு எழுதுவதற்கு முன் அவரே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தனக்குத் தெரியாததை ஒத்துக்கொண்டு கற்றுக்கொள்ளப் போன நீதிபதிகள் அதிகம் பேர் இல்லை.

அரசாங்கத்துக்கும் பிறப்பு என்பது சிக்கலாகத்தான் இருந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் முதன்முதலாக ஆண், பெண் அல்லாத மூன்றாவது குறியீடு வந்தது. தமிழ்நாட்டில் அப்படி எண்ணப்பட்டவர்கள் 22,364 பேர். இட்லிக்கடைக்காரர் அதில் இல்லை. ஊரில் அண்ணன் அவரை ஆண் என்றே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆள் எங்கே என்று கேட்டதற்கு வெளியூரில் வேலை என்றாராம். 2015இல் திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது அரசு. நல்ல எண்ணம்தான். ஆனால் தலித்தாகப் பிறந்த ஒரு திருநங்கை எந்த வரிசையில் போய் நிற்பது? சாதியா, பாலினமா, ஒன்றைச் சொல் என்பது போல ஆகிவிட்டது. எந்தச் சாதியில் பிறந்தாலும் அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் கிடைமட்ட இட ஒதுக்கீட்டுக்காகத் தெருவிலும் கோர்ட்டிலும் நின்றார்கள். பாலினத்தைச் சாதியாகப் பாவிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. கேட்டால் கிரேஸ் பானு என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் பிறப்பில் மாற்றிக்கொள்ளத் தோன்றுகிற விஷயம் பாலினம் ஒன்றுதான் என்று நினைப்பது, சாதியால் ஒரு கதவும் மூடிப் பார்த்திராதவர்களின் நினைப்பு.

இதுவரை பேசியதெல்லாம் கற்பனைக் கேள்வி. யாரும் யாருக்கும் வேறு பிறவி தரப்போவதில்லை. நிஜமாகவே பிறப்பைத் திருத்துகிற இடம் ஒன்று உண்டு, அது பிரசவ வார்டு. இடைப்பால் குழந்தைகள் திருநங்கை, திருநம்பியரிலிருந்து வேறானவர்கள். உடற்கூறிலேயே ஆண், பெண் என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாமல் பிறக்கிறவர்கள். வெளியே உறவுக்கூட்டம் சர்க்கரைப் பொட்டலத்தோடு காத்திருக்கும். என்ன குழந்தை என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் கத்தி அதை உண்டாக்கிவிடும். தீட்டிய பென்சிலை மேலும் சீவுவது போல அதைச் சின்னக் காரியமாகவே பேசுவார்கள்.

2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இதற்குத் தடை போட்டார். வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவுசெய்ய மறுத்தது பற்றி. மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லிவிட்டு, அதே தீர்ப்பில் கைக்குழந்தைகளின் பக்கமும் அவர் திரும்பினார். பெற்றோர் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது என்றார். அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு ஆணை வெளியிட்டது: உயிருக்கு ஆபத்து என்றாலொழிய இடைப்பால் குழந்தைக்கு அப்படி ஒரு அறுவை கூடாது. நாட்டிலேயே முதல் மாநிலம் நாம்தான். கேட்கப்பட வேண்டிய ஆள் வளர்ந்து, பேசி, தானே சொல்லும்வரை உடம்பைப் பிறந்தபடி விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கண்ணில் படும் இடமெல்லாம் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம் என்கிற பலகை தொங்குகிறது. இந்த ஆணையை எந்தப் பிரசவ வார்டுச் சுவரிலும் ஒட்டிவைத்து நான் பார்த்ததில்லை.