‘ஓடிபி சொன்னது உங்கள் தவறு’ என்ற பதிலை ஏற்கமாட்டோம்: இணையப் பண மோசடி குறித்து ஓய்வூதியர் சங்கத்தின் நிலைப்பாடு

இரண்டாம் சனிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு செல்போனில் ஓர் அழைப்பு. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கருவூலத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல் அவருடைய பிபிஓ (ஓய்வூதியக் கொடுப்பாணை) எண்ணை ஓர் இலக்கம் பிசகாமல் படித்தது. ஓய்வுபெற்ற தேதி, வங்கிக் கிளை, மனைவி பெயர் எல்லாம் சரியாக இருந்தன. “ஐயா, இந்த வருஷ நேர்காணல் பதிவாகலை. அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும். இந்த வயசுல அலைய வேண்டாம், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.” சொன்னார். இன்னொன்று வந்தது, அதையும் சொன்னார். இருபது நிமிடத்தில் மூன்று தடவையாக 4,60,000 ரூபாய் போய்விட்டது. திங்கள்கிழமை காலை கிளை திறந்ததும் போய் நின்றவரிடம் முதலில் கேட்கப்பட்டது இது: “படிச்சவர்தானே சார், ஏன் ஓடிபி சொன்னீங்க?”

அந்தக் கேள்விக்கு எங்கள் செயற்குழு கூடி முடிவு செய்த பதிலே இந்த அறிக்கை.

ஓடிபி சொன்னது பிழை. அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்பே நான்கு பேர் தவறியிருக்கிறார்கள். பிபிஓ எண்ணை யாரோ கசிய விட்டார்கள். போலி அடையாளத்துக்கு யாரோ சிம் கொடுத்தார்கள். பணம் போய் விழுந்த கணக்கை யாரோ ஒரு வங்கி சரிபார்க்காமல் திறந்து கொடுத்தது. மாதாமாதம் ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுப்பதைத் தவிர வேறு நடமாட்டமே இல்லாத கணக்கிலிருந்து, முன்பின் தெரியாத மூன்று கணக்குகளுக்கு இருபது நிமிடத்தில் லட்சங்கள் போவதை ஒரு கணினி வேடிக்கை பார்த்தது. நான்கு பேரும் தப்பித்துக்கொள்ள, ஐந்தாவதாக நின்ற 71 வயதுக்காரர் மட்டும் முழு நட்டத்தையும் சுமக்கிறார். இந்தப் பங்கீடு நியாயமில்லை என்பது எங்கள் நிலைப்பாடு.

தகவல் பாதுகாப்புப் பாடத்தின் முதல் பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கும்: ரகசியம் வெளியே போகக் கூடாது, பதிவை உரிமையில்லாதவர் திருத்தக் கூடாது, உரியவர் கேட்கும்போது கிடைக்க வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு இது புதிதே இல்லை. பணிப்பதிவேட்டைப் பூட்டி வைத்தோம், அடித்துத் திருத்தினால் சுருக்கொப்பம் வாங்கினோம், தணிக்கை வந்தால் எடுத்து நீட்டினோம். கருவூலக் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பது விதி. கடவுச்சொல்லுக்கு மேல் ஓடிபி என்ற ஏற்பாடும் அதே இரட்டைப் பூட்டுதான். ஆனால் இன்று வங்கிச் செயலியும் ஓடிபி வரும் குறுஞ்செய்தியும் ஒரே செல்போனில் இருக்கின்றன. இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு, வளையம் தொலைந்தால் கிழவனைத் திட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ‘கல்யாணப் பத்திரிகை’ ஏபிகே கோப்பைத் தொட்டு நிறுவி, அது கேட்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால் ஓடிபியை வாயால் சொல்லக்கூட வேண்டாம். அதுவே குறுஞ்செய்தியைப் படித்து அனுப்பிவிடும்.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று சொன்னால் பொய். கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2004 முதல் இயங்குகிறது. இணையக் குற்றப் புகார்த் தளம் 2019-ல் வந்தது. 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் போன வழியில் உள்ள வங்கிகளுக்கு அடுத்தடுத்துத் தகவல் போய், எடுக்கப்படாமல் மிச்சமிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடு, முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தவர்களுக்குப் பலன் கிடைக்கிறது. ஆனாலும் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, இணைய மோசடியில் மக்கள் இழந்தது 2023-ல் 7,465 கோடி ரூபாய், 2024-ல் 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. விழிப்புணர்வு வாசகங்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த காலத்தில் நடந்தது இது.

வாடிக்கையாளரின் பொறுப்பு எதுவரை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்தது. தவறு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நட்டமே இல்லை. தவறை மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. ஆனால் ரகசிய எண்ணைச் சொன்னவர் ‘கவனக்குறைவு’ என்ற பிரிவில் விழுகிறார். வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனதெல்லாம் அவர் தலையில். அதன் பிறகு போவது வங்கியின் தலையில். இந்தக் கடைசி வரி கிளையின் அறிவிப்புப் பலகையில் எங்காவது தென்படுகிறதா என்று உறுப்பினர்கள் பார்த்துச் சொல்லட்டும். தெரிவிப்பதற்குக் கிளை திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் தலைமையாசிரியருக்கு அது தெரியாது. இரண்டு நாள் வீணாயிற்று.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே பணம் அனுப்பியவருக்குக்கூட 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதில் பாதியை அனுப்பிய வங்கியும் மறுபாதியைப் பணம் பெற்ற வங்கியும் ஏற்கின்றன. நமக்கு வேண்டியது அந்த மறுபாதிதான். மோசடிப் பணம் விழுவது வாடகைக் கணக்குகளில். மாதம் ஐயாயிரத்துக்குப் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் ஒப்படைக்கும் ஏழையின் பெயரில் அவை இருக்கும். அப்படிக் கணக்குத் திறந்த வங்கிக்கு இழப்பில் ஒரு பைசாவும் பங்கில்லாதவரை, அது கண்ணை மூடிக்கொண்டுதான் கணக்குத் திறக்கும். நட்டத்தில் பாதி தன்னுடையது என்றால் மறுநாளே கண் திறக்கும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஆட்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்று செயற்குழுவில் இருவர் வாதிட்டார்கள். பேச வேண்டிய வாதம்தான். பிரிட்டன் அதற்கும் இடம் வைத்திருக்கிறது: 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம், மிகக் கடுமையான அசட்டை என்று வங்கி மெய்ப்பித்தால் மறுக்கலாம். அதுபோன்ற வரம்பு இங்கும் இருக்கட்டும்.

அறுபதைத் தாண்டியவர் கணக்கிலிருந்து புதிய நபருக்குப் பெருந்தொகை போனால், அதை 24 மணி நேரம் நிறுத்தி வைக்கும் வசதியை வங்கி தர வேண்டும். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். ஒருநாள் தாமதத்தால் எங்களுக்குக் குடி முழுகிவிடாது. டி.ஏ. நிலுவைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள்.

அடுத்தது கசிவும், அதை மறைக்கும் பழக்கமும். 2019 செப்டம்பர் 4 அன்றே கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதைச் செர்ட்-இன் கண்டு சொல்லியிருந்தது. செய்தி வெளியே கசிந்ததும், அக்டோபர் 29-ல் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டமைப்பு தனியானது, பாதிக்கப்படவில்லை என்று அது சொன்னதை நம்புகிறோம். ஆனால் முதலில் மறுப்பது என்ற பழக்கத்தை ஏற்க முடியாது. இன்றைய நிலையில் ஒரு நிறுவனம் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 முதல் கட்டாயம். தகவலைப் பறிகொடுத்த நமக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமோ, 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்படி 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. ஓய்வூதியம் வழங்கும் அலுவலகங்களும் வங்கிகளும் அதுவரை காத்திராமல் இப்போதே தொடங்க வேண்டும். பிபிஓ எண் கசிந்தது முன்பே தெரிந்திருந்தால், அந்தக் குரல் அதைப் படித்துக் காட்டியபோது தலைமையாசிரியர் மயங்கியிருக்கமாட்டார்.

இணையக் குற்றத்தை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரே விசாரிக்க வேண்டும் என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆவது பிரிவு. தாலுகா ஊர்களில் அந்த ஒருவர் கோயில் திருவிழா பந்தோபஸ்தில் இருப்பார். பயிற்சி பெற்ற உதவி ஆய்வாளர்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும்.

அந்தக் குரல் நல்ல தமிழ் பேசியதை உறுப்பினர் திரும்பத் திரும்பச் சொன்னார். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் போய், மோசடி முகாம்களில் அடைபட்டு, அடி வாங்கிக்கொண்டே ஊருக்கு போன் போட்ட நம் பிள்ளைகளும் உண்டு. 2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து 13 தமிழர்கள் மீண்டு வந்தார்கள். பேசியவன் எப்படிப்பட்டவன் என்று எங்களுக்குத் தெரியாது. போலி ஏஜெண்டுகளைப் பிடிப்பதும் எங்கள் சேமிப்பைக் காப்பதும் ஒரே வேலையின் இரு முனைகள் என்பது மட்டும் தெரியும்.

கடைசியாக, எங்கள் பக்கத்துக் கணக்கு. பிபிஓ எண் எப்படி வெளியே போயிருக்கும் என்று யோசித்தபோது, செயலாளர் அலமாரியைத் திறந்து சங்கத்தின் ஆண்டு மலரை எடுத்து மேசையில் வைத்தார். கடைசி நாற்பது பக்கங்களில் உறுப்பினர் பட்டியல்: பெயர், பிபிஓ எண், ஓய்வுபெற்ற தேதி, வங்கிக் கிளை, செல்போன், ‘துணைவர் பெயர்’ என்று ஒரு தனிப் பத்தியும். அச்சிட்டது நாங்கள்தான். விளம்பரம் கொடுத்த கடைகளுக்கெல்லாம் இலவசப் பிரதி அனுப்பியவர்களும் நாங்கள்தான். கசிவு இதிலிருந்துதானா என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இனி எந்தப் பட்டியலும் அச்சிடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. மலர் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கவும். கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கும் பொறுப்பு பொருளாளருடையது.