சூடேறாத றைஸ் குக்கர்: தூக்கி எறியுமுன் பார்க்க வேண்டியவை



சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். வீட்டில் அவரும், இரண்டு பிள்ளைகளும், வயதான தாயாரும். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒன்றரைச் சுண்டு அரிசியை றைஸ் குக்கரில் போட்டுவிட்டு மற்ற அலுவல்களைப் பார்ப்பது அவர் வழக்கம். சில வாரங்களாகச் சோறு அரைவேக்காட்டில் இருக்கும்போதே பொத்தான் மேலே பாய்ந்துவிடுகிறதாம். திருத்துவதற்குக் கொண்டுபோனால், திறந்துகூடப் பார்க்காமல், "மோட்டர் போயிட்டுது அக்கா, புதுசு வாங்குங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண பொத்தான் வைத்த றைஸ் குக்கரில் மோட்டரே கிடையாது. அப்படிச் சொன்னவருக்கு வேலை தெரியாது, அல்லது கேட்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார். குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்தும் பெண்களுக்குக் கடைகளில் இப்படி நடப்பது புதிதல்ல. இதற்கு மருந்து, பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று நாமே தெரிந்து வைத்திருப்பதுதான்.

உள்ளே இருப்பது என்ன?

குக்கரின் உள்பானையை வெளியே எடுத்தால் அடியில் ஓர் அலுமினியத் தட்டுத் தெரியும். அதுதான் சூடேற்றும் தட்டு. அதற்குள் ஹீற்றர் கம்பி பதிந்திருக்கிறது. தட்டின் நடுவில் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரும் வட்டமான ஒரு குமிழ் இருக்கிறது. குக்கரின் மூளை அதுதான்.

அந்தக் குமிழுக்குள் ஒரு காந்தம் உண்டு. பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பக்கச் சூடு 100 பாகையை அதிகம் தாண்டாது. அரிசி தண்ணீரை எல்லாம் உறிஞ்சியதும் சூடு மேலே ஏறும். ஏறக்குறைய 103 பாகைக்கு வந்ததும் காந்தம் தன் பிடியை இழக்கும், சுருள்வில் தள்ளும், பொத்தான் "டக்" என்று மேலே பாயும். அதன்பின் சோற்றை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் சிறு ஹீற்றர் மட்டும் வேலை செய்யும்.

இவற்றோடு, தட்டின் அடியில் வெள்ளை உறைக்குள் ஒரு சிறிய வெப்பப் பியூஸ் இருக்கிறது. குமிழ் பழுதாகிச் சூடு அளவுமீறினால் இது உருகி மின்சாரத்தை அறுத்துவிடும். ஹீற்றர், குமிழ், பொத்தானின் தொடுமுனை, பியூஸ், வயர்: முக்கியமான பாகங்கள் இந்த ஐந்துதான்.

நாமே பார்க்கக்கூடியவை

சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, குக்கர் ஆறும்வரை பொறுத்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. பிளக் பொயின்ட்: அதே பொயின்டில் வேறொரு பொருளைச் செருகி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பொயின்ட் கறுத்திருந்தால், எரிந்த மணம் வந்தால் அதைப் பாவிக்கவே வேண்டாம். சதுர முள் வைத்த 13 அம்பியர் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கும். அது போயிருந்தால் அதே அளவான பியூஸையே போடவேண்டும்.

2. வயர்: குக்கரில் செருகும் முனை ஆடுகிறதா, முள்ளில் கறுப்போ பச்சையோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடலும் களப்பும் சூழ்ந்த சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளிப் பக்கங்களில் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் அரித்துவிடும். அரித்த முள்ளில் மின்சாரம் சரியாகப் பாயாது, முள் சூடாகும். உலர்ந்த துணியாலும் மெல்லிய சாண்ட் பேப்பராலும் துடைத்துவிடலாம். வயரின் தோல் வெடித்திருந்தால் ரேப் சுற்றி ஒப்பேற்றாமல் வயரை மாற்றுங்கள்.

3. தட்டும் பானையின் அடியும்: அரைவேக்காட்டுச் சோற்றுக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும். தட்டில் ஒரு சோற்றுப் பருக்கை கருகி ஒட்டியிருந்தாலே பானை சரியாக உட்காராது. இடையில் காற்று நின்றால் சூடு பானைக்குப் போகாமல் தட்டிலேயே தங்கும். குமிழும் அதற்கேற்பச் சூடாகி, சோறு வெந்துவிட்டது என்று ஏமாந்து பாய்ந்துவிடும். இறுகப் பிழிந்த ஈரத்துணியால் தட்டையும் பானையின் அடியையும் துடையுங்கள். கருகியதை மெல்லிய சாண்ட் பேப்பரால் மெதுவாக எடுங்கள். குக்கரைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கழுவக் கூடாது.

4. நடுக்குமிழ்: விரலால் அமுக்கிப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். கஞ்சி வழிந்து காய்ந்திருந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய பல்துலக்கியால் சுற்றிவரத் துப்புரவாக்குங்கள்.

5. பானையின் உருவம்: பானையைச் சமமான தரையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் உள்பானையை எடுத்து விறகடுப்பில் வைப்பது நம் வீடுகளில் நடக்கும் காரியம். அதனால்தான் அடி வளைகிறது. அடுப்புக்கு வேறு பானை வைத்துக்கொள்ளுங்கள். அடி வளைந்திருந்தால் உள்பானை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு சோதனை. பானையில் ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் விட்டு, பானையை இடமும் வலமும் ஒருமுறை திருப்பி உட்காரவைத்து, மூடிப் பொத்தானை அமுக்குங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் சில நிமிடங்களில் கொதிக்கத் தொடங்கி, முழுதும் வற்றியபின் பொத்தான் பாய்ந்தால் குக்கர் நலமாக இருக்கிறது. தண்ணீர் இருக்கும்போதே பாய்ந்தால் குமிழின் காந்தமோ தொடுமுனையோ பழுது. வெளிச்சம் எரிந்தும் தட்டுக் குளிராகவே இருந்தால் ஹீற்றரோ தொடுமுனையோ பழுது. ஒன்றுமே எரியாவிட்டால், வயர் சரி என்று கண்டபின், வெப்பப் பியூஸைச் சந்தேகிக்கலாம்.

குக்கரில் பழுதே இல்லாமலும் சோறு தாமதமாகலாம். நம் மின்சாரம் 230 வோல்ட். லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை நேரத்தில் இது குறையும். 200 வோல்ட்டுக்கு இறங்கினால் 700 வாட் குக்கர் 530 வாட் அளவுக்கே சூடு தரும். காலையில் சரியாக வேகும் சோறு மாலையில் மட்டும் இழுபட்டால் இதையும் நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீடுகளிலும் அப்படியானால் எல்லோருமாகச் சேர்ந்து மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

கேத்தலுக்கும் இதே முறைதான்

மின்கேத்தல் கொதிக்குமுன்பே நிற்கிறதா? உள்ளே பாருங்கள். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர், சுண்ணாம்பும் அதிகம். சுடச்சுட அது வெள்ளையாகப் படியும். படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் அடியிலேயே நிற்கும். பாதுகாப்புச் சுவிட்ச் நேரகாலத்தோடு நிறுத்திவிடும்.

அரைக் கேத்தல் தண்ணீரில் நாலைந்து தேசிக்காயின் சாறு, அல்லது ஒரு கோப்பை வினாகிரி விட்டுக் கொதிக்கவைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு ஊற்றிவிட்டு, இரண்டு முறை நல்ல தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். மாதம் ஒருமுறை செய்தால் கேத்தல் பல காலம் உழைக்கும்.

இன்னொன்று: கேத்தல்கள் பல 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். பழைய 5 அம்பியர் பொயின்ட் தாங்குவது 1150 வாட் மட்டும். அதில் கேத்தலைச் செருகினால் கருகப்போவது பொயின்டும் சுவருக்குள் ஓடும் வயரும்.

பியூஸை "நேரடியாகக் கொடுக்க" விடாதீர்கள்

இம்மாதம் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வெப்பப் பியூஸ் போன குக்கரைத் திருத்தும் சிலர், புதுப் பியூஸ் போடாமல் அந்த இடத்தில் ஒரு வயர்த் துண்டை முறுக்கிவிட்டுத் தந்துவிடுவார்கள். குக்கரும் வேலை செய்யும், செலவும் குறைவு. ஆனால் அடுத்தமுறை குமிழ் ஒட்டிக்கொண்டால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. தட்டு எரிந்துகொண்டே போகும். நாம் வேலைக்குப் போய், வீட்டில் பிள்ளைகளும் அம்மாவும் மட்டும் இருக்கும் நேரமாக அது இருக்கலாம்.

ஆகவே திருத்தக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: "எந்தப் பாகம் போனது என்று காட்டுங்கள். பியூஸ் போயிருந்தால் அதே பாகையும் அதே அம்பியரும் உள்ள பியூஸைப் போடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை என் கையில் தாருங்கள்." இப்படிக் கேட்டால் 'மோட்டர் போயிட்டுது' என்ற கதை எழாது.

மல்டி மீற்றர் உள்ளவர்கள், பிளக்கைக் கழற்றிய நிலையில், பானையை வைத்துப் பொத்தானை அமுக்கி, குக்கரில் வயர் செருகும் இரண்டு மின் முட்களுக்கும் இடையே அளந்து பார்க்கலாம். 700 வாட் குக்கர் 75 ஓம் அளவு காட்டவேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. அந்த மின் முட்களில் ஒன்றுக்கும் உலோக உடலுக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உடலுக்கு மின் கசிகிறது. அந்தக் குக்கரைச் செருகவே வேண்டாம். வெள்ளத்தில் நனைந்த குக்கரும் அப்படித்தான், வெளியே காய்ந்து தெரிந்தாலும் செருகக் கூடாது. உள்ளே திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

வீட்டு மெயின் பலகையில் ட்றிப் சுவிட்ச் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்குங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் அது ஆளைக் காப்பாற்றாது, மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பாவிக்கும் குடும்பங்கள் இதில் இன்னும் கவனமாக இருங்கள். யாரையாவது கரண்ட் பிடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்துங்கள். பிறகு 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

இது ஆண்களின் வேலையா?

"பொம்பிளைப் பிள்ளைக்கு வயர் வேலை எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல இரண்டு வரலாறுகள் உண்டு.

ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் தானியங்கி றைஸ் குக்கரை விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு பட்டறைக்காரர். ஆனால் சோறு எத்தனை நிமிடத்தில் வேகிறது, எந்தச் சூட்டில் கெடுகிறது என்று நாள்தோறும் சமைத்துச் சமைத்து அளந்து குறித்தவர் அவருடைய மனைவி ஃபுமிக்கோ. கொதி வந்தபின் ஏறக்குறைய 20 நிமிடம் என்ற கணக்கு அப்படி வந்தது.

மற்றவர் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் கொக்ரேன். 1883இல் கணவர் இறந்தபோது அவருக்கு மிஞ்சியது கடன். அவர் தளராமல் தன் கொட்டகையில் ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் இயந்திரத்தைச் செய்தார். 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை பெற்றார். 1893 சிக்காகோக் கண்காட்சியில் அது பாராட்டுப் பெற்றது.

குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போய் வந்த சகோதரிகள் அந்த இயந்திரத்தைக் கையாண்டிருப்பீர்கள். கழுவி முடிந்தும் தட்டில் எண்ணெய்ப் பசை நிற்கும், பாத்திரம் காயாமல் இருக்கும். தண்ணீர் சூடாகவில்லை என்று கண்டுபிடித்திருப்பீர்கள். அதற்குள்ளும் ஒரு ஹீற்றர், சூட்டை அறியும் ஒரு பாகம், நாளடைவில் படியும் சுண்ணாம்பு. அங்கே அடுத்தவர் வீட்டில் கவனித்துப் பழகியது இங்கே நம் கேத்தலுக்கும் குக்கருக்கும் உதவும்.

ஆர்வமுள்ளவர்கள் இதைத் தொழிலாகவும் பழகலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையும், 'நைற்றா' எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் மின் வேலைகளில் பயிற்சி தருகின்றன. அனுபவத்தால் பழகியவர்கள் திறமையைக் காட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு மதிப்பீடு பெறவும் வழி உண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். ஆண் திருத்துநரை வீட்டுக்குள் கூப்பிடத் தயங்கும் தனித்த பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். வேலை தெரிந்த ஒரு பெண் ஊரில் இருந்தால் அவர்களுக்கும் ஆறுதல்.

சாம்பல்தீவுச் சகோதரிக்கு: புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் தட்டையும் பானையின் அடியையும் துடைத்து, குமிழைப் பார்த்து, ஒரு கோப்பைத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். என்ன நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.