முப்பது ஆண்டுக் கடனில் முதல் வீடு: சற்று நின்று சிந்திப்போம்



அண்மையில் ஒரு நாள் மக்ரிப் தொழுகைக்குப் பின், திண்டிவனத்தில் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை நம்மைத் தேடி வந்தார். வயது முப்பத்தைந்து. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணி. அன்றாடம் இரயிலில் போய்வருபவர். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். மூன்று ஆண்டுகளில் இது இரண்டாம் முறை. "ஹஜ்ரத், வங்கியில் இருபது இலட்சம் தருகிறார்கள். முப்பது வருடம் போட்டால் தவணை குறைவு என்கிறார்கள். எடுக்கலாமா?" என்று கேட்டார்.

வட்டியின் சட்டம் அவருக்குத் தெரியாததன்று. அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வணிகத்தை அனுமதித்து வட்டியைத் தடுத்திருப்பதை அவருடைய மகனே ஓதிக்காட்டுவான். ஆயினும், பெட்டி படுக்கையுடன் தெருவில் நிற்கும் குடும்பத்தலைவரிடம் "ஹராம்" என்ற ஒரே சொல்லைக் கூறி அனுப்பிவிடுவதால் நம் பொறுப்பு முடிந்துவிடாது. ஆகவே அவரை அமரவைத்துக் கணக்குப் போட்டோம்.

இருபது இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு எட்டரை விழுக்காடு வட்டி. பதினைந்து ஆண்டுகள் எனில் மாதத் தவணை ஏறத்தாழ 19,695 ரூபாய். இருபது ஆண்டுகள் எனில் 17,356. முப்பது ஆண்டுகள் எனில் 15,378. முதல் பார்வைக்கு மூன்றாவதே இலேசானது. ஆனால் மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு? பதினைந்து ஆண்டுகளில் சுமார் 35.45 இலட்சம், இருபதில் 41.65 இலட்சம், முப்பதில் 55.36 இலட்சம். இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே மாதத்தில் மிச்சமாவது 1,978 ரூபாய். அதற்கு விலை, 13.7 இலட்சம் ரூபாய் கூடுதல் வட்டி!

இன்னும் உள்ளே செல்வோம். முப்பது ஆண்டுக் கடனின் முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 1,211 ரூபாய் மட்டுமே. ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டினால் செலுத்திய தொகை 9.22 இலட்சத்தைத் தாண்டும். அசலோ இன்னும் 19.1 இலட்சம் நிற்கும். வாடகையிலிருந்து தப்பிக்கக் கடன் வாங்கியவர் உண்மையில் வங்கிக்கு வாடகை செலுத்திக்கொண்டிருக்கிறார். கூரை ஒழுகினால் செலவு மட்டும் அவருடையது.

வட்டி விகிதமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. மேற்கண்ட கடனில், வாங்கிய சில மாதங்களுக்குள் வட்டி முக்கால் விழுக்காடு ஏறினாலே மாத வட்டி சுமார் 15,400 ரூபாயைத் தொடும். அதாவது பழைய தவணை வட்டிக்கே போதாது! குறுகிய காலக் கடனில் இத்தகைய அடியைத் தாங்க இடம் உண்டு. முப்பது ஆண்டுக் கடனில் அந்த இடத்தை முதல் நாளிலேயே செலவழித்துவிடுகிறோம்.

"நீண்ட காலம் போட்டுவைத்து, கையில் பணம் வரும்போது முன்கூட்டியே அடைத்துவிடலாமே" என்று சிலர் வாதிடுவர். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்போரிடம் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாதென 2012ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. ஆனால் நம் வீடுகளின் நடப்பு நமக்குத் தெரியும். உபரியாக வரும் பணத்திற்கு முன்பே பள்ளிக் கட்டணமும் மகளின் நிகாஹும் வாசலில் நிற்கின்றன.

"வீடு அத்தியாவசியத் தேவை, நிர்ப்பந்தத்தில் விலக்கு உண்டல்லவா?" என்பது அடுத்த கேள்வி. 1999இல் ஐரோப்பிய ஃபத்வா மன்றம், மேலை நாடுகளில் வாழும் முஸ்லிம்கள் வேறு வழியற்ற நிலையில் தாம் குடியிருக்கும் வீட்டிற்காக வங்கிக் கடன் பெறுவதற்கு நிபந்தனைகளோடு இடமளித்தது. அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நாம் இங்கு ஃபத்வா வழங்கவில்லை; அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டறிக. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம்: நிர்ப்பந்தத்திற்கான விலக்கு அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. அந்த விலக்கை நாடுபவருக்கும் மிகச் சிறிய தொகை, மிகக் குறுகிய காலம் என்பதே அளவாக முடியும்.

முப்பத்தைந்தில் வாங்கினால் கடன் முடியும்போது வயது அறுபத்தைந்து. தமிழக அரசு ஊழியருக்கே ஓய்வு வயது அறுபதுதான். இடையில் மவ்த் நேர்ந்தால்? வாரிசுகளுக்குப் பங்கிடும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது இறைச்சட்டம். கடனோடு இறந்தவரின் ஜனாஸாவை முன்னிறுத்தித் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கிய செய்தியை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். அதை நம் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

மாற்று வழி என்ன? வட்டியில்லா வங்கிச் சேவையை 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது; 2017இல் ரிசர்வ் வங்கி அதைக் கைவிட்டது. எனவே நம் வழிகள் சிறியவை, மெதுவானவை. முதலில் அங்கீகாரம் பெற்ற மனை, பிறகு ஓர் அறையும் சமையலறையும், பின்னர் மற்றவை. நம் பாட்டன்மார் கட்டிய முறை இதுவே. வங்கிக்கு அஞ்சிப் பெருந்தொகை கொடுத்து வாடகையின்றி 'லீசுக்கு' இருப்போர், கடனுக்கு ஈடாகப் பலன் பெறும் அம்முறையையும் உலமாக்கள் பலர் வட்டியென்றே கண்டிப்பதை அறிந்துகொள்க. மஹல்லா பைத்துல்மால்கள் அழகிய கடனைத் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் தருகின்றன. வீடு கட்டுவோருக்கும் தர முன்வர வேண்டும்.

ஏற்கெனவே கடனில் இருப்போர் மனம் தளர வேண்டாம். தவ்பா செய்து, இயன்ற ஒவ்வொரு ரூபாயையும் அசலில் கட்டுங்கள். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தெரிவைக் கடனாளிக்கு வழங்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கேளுங்கள், இயன்றவரை காலத்தை நீட்டாதீர்கள்.

அந்தச் சகோதரரிடம் இறுதியாக ஒன்று கேட்டோம்: "உங்கள் மனைவிக்குப் பிறந்த வீட்டில் பங்கு உண்டா?" விழுப்புரம் அருகே மாமனார் விட்டுச்சென்ற மனை உள்ளதாம்; பதினோரு ஆண்டுகளாகப் பிரிக்கப்படவில்லையாம். தங்கை கேட்டால் உறவு முறிந்துவிடும் என்ற அச்சம். அண்ணன்மார் அங்கே மாடி கட்டிவிட்டனர். தங்கையோ வட்டிக்கு வழி தேடுகிறார்! பெற்றோர் விட்டுச்சென்றது சிறிதோ பெரிதோ, பெண்ணுக்கும் அதில் பங்குண்டு என அந்நிஸா அத்தியாயம் விதித்திருக்க, நம் இல்லங்களில் எத்தனை பெண்களின் மனை இவ்வாறு முடங்கிக் கிடக்கிறது?

அவ்வூர் ஜமாஅத்தார் மூலம் பேச்சு தொடங்கியிருக்கிறது. வங்கிப் படிவத்தில் அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. வல்ல ரஹ்மான் அவருக்கும் நம் அனைவருக்கும் ஹலாலான இருப்பிடத்தை இலேசாக்கித் தருவானாக. ஆமீன்.